சாரல் உன் பெயரிலேயே இருக்கட்டும்

சந்திராவுக்கு அம்மா எழுதுவது.

இந்தக் கடிதம் தபாலில் வரவில்லை, உன் குதிரை சாரலோடு வருகிறது. குதிரையை நடத்திக்கொண்டு வருகிற முத்தையாவின் மடியில் இருக்கும். மறக்காமல் கேட்டு வாங்கிக்கொள். உன் அப்பா நேற்றிலிருந்து அந்த மனிதருக்குப் பாடம் நடத்திக்கொண்டிருக்கிறார். போடிமெட்டு ஏற்றத்தில் ஒவ்வொரு வளைவிலும் நிறுத்த வேண்டுமாம், எதிரே ஜீப்பு வந்தால் மலைப் பக்கமாக ஒதுங்க வேண்டுமாம், மெட்டில் வேர்வை அடங்குமுன் தண்ணீர் காட்டக் கூடாதாம். உன்னை அனுப்பும்போது உன் மாமியாரிடம் இதில் பாதிகூடச் சொல்லவில்லை. மகளைப் பிரிந்த துக்கத்தையெல்லாம் குதிரை மேல் காட்டிக்கொண்டிருக்கிறார் என்று எனக்குத் தெரியும்.

சாரல் பூப்பாறையில் உன் வீட்டு லாயத்துக்குள் நுழையும் முன் உனக்கு ஒரு விஷயம் தெரிந்தாக வேண்டும். நிச்சயதார்த்தத்தன்று நீ உள்ளறையில் சேலை மாற்றிக்கொண்டிருந்தாயே, அந்தக் கொஞ்ச நேரத்தில் கூடத்தில் உன் குதிரை உன் கையைவிட்டுப் போகப் பார்த்தது. போகவில்லை. எப்படிப் போகாமல் இருந்தது என்று சொல்லத்தான் எழுதுகிறேன். ஆனால் முதலிலிருந்து சொன்னால்தான் எனக்குத் திருப்தி. உன்னைப் பற்றிய பெருமையைத் தெருவில் நின்று சொன்னால் கண்பட்டுவிடும் என்பார்கள். எனக்கோ சொல்லாமல் இருக்க முடியவில்லை. அதனால் உன்னிடமே சொல்லிக்கொள்கிறேன்.

குரங்கணிக்கு மேலே நம் ஏலத்தோட்டத்துக்குப் பக்கத்துத் தோட்டத்தில் இருந்த துரைசானியை நீ மறந்திருக்க மாட்டாய். அவளுக்குப் பிள்ளை இல்லை, உனக்குப் பயம் இல்லை. இரண்டும் சேர்ந்ததில் ஒரு மலை மட்டக்குதிரையின் முதுகில் உன்னை ஏற்றிவிட்டாள். செடிகளுக்கு நடுவே வெட்டிய வாய்க்கால், காற்றில் விழுந்து கிடக்கிற மரம், எதைப் பார்த்தாலும் நீ தாண்டினாய். ஏலப்பழம் எடுக்கிற பெண்கள் கையிலிருந்ததைப் போட்டுவிட்டு, "தாவு ஆத்தா, தாவு!" என்று கத்துவார்கள். இறங்கச் சொல்லி நானும் கத்துவேன், ஆனால் கொஞ்சம் மெதுவாகத்தான். அவள் தன் தேசத்துக்குக் கப்பலேறும்போது சேணத்தை உனக்குக் கொடுத்துவிட்டுப் போனாள். நீ வளர்ந்தாய், மட்டக்குதிரை வளரவில்லை. உன் கால்கள் இரண்டு பக்கமும் தரையைத் தொடப் போவதுபோலத் தொங்கின. உன் அப்பா அதைப் பார்த்து, "குதிரைக்கு ஆறு காலாயிருச்சு, ஒரு பெரிய குதிரை வாங்கணும்" என்று வாய்தவறிச் சொல்லிவிட்டார். அதை நீ விடவேயில்லை.

பெரிய குதிரை என்றதும் அவர் நினைத்தது வேறு, நீ கேட்டது வேறு. பந்தய வம்சத்தில் பிறந்து, பந்தயமே ஓடாத குதிரை வேண்டும் என்றாய். 'தரோபிரெட்' என்று அதற்கு ஒரு பெயர் சொன்னாய். சோற்றில் கையை வைத்தபடி நீ விளக்கியது எனக்கு இன்றும் வரிக்கு வரி ஞாபகம் இருக்கிறது. ஊட்டியில் நடக்கிற தாண்டல் போட்டியில் இரண்டு வகை உண்டு, ஒன்றில் உயரமான கட்டைகளைத் தட்டாமல் தாண்டினால் போதும், இன்னொன்றில் குதிரையின் நடை, நிதானம், தாண்டுகிற அழகு எல்லாவற்றையும் பார்ப்பார்கள், வேட்டைக்குப் போகிற குதிரை எப்படி இருக்க வேண்டுமோ அப்படி. இரண்டுக்கும் நீளக் கால் வேண்டும், நெஞ்சுரம் வேண்டும், அது பந்தய வம்சத்தில்தான் கிடைக்கும். ஆனால் பந்தயத்தில் ஓடவிட்ட குதிரைக்கு இளம் வயதிலேயே கால் கெட்டிருக்கும், கடிவாளத்தைப் பிடித்தாலே ஓடு என்றுதான் அதற்குப் புரியும், ஓடாத குதிரைக்கு நாம் சொல்லிக்கொடுப்பதுதான் முதல் பாடம். இதெல்லாம் கேட்டுவிட்டு உன் அப்பா, "ஊருக்குள்ள கேட்டா, ஓடாத குதிரைய வாங்கவா உடுமலப்பேட்டை வரைக்கும் போனீங்கன்னு சிரிப்பாங்கத்தா" என்றார். சிரிக்கட்டும் என்றாய். அன்றைக்கே எனக்குத் தெரிந்துவிட்டது, போகத்தான் போகிறோம் என்று.

உடுமலைப்பேட்டைப் பக்கத்துக் குதிரைப் பண்ணைக்கு வாடகைக் காரில் போனோம். சின்னமனூரிலிருந்து என் தம்பியையும், அதாவது உன் மாமாவையும் கூட்டிக்கொண்டோம். வண்டிக்காளை வாங்குவதென்றால் பள்ளத்தாக்கில் அவனைக் கேட்காமல் யாரும் சந்தைக்குப் போக மாட்டார்கள். மாடு பார்க்கத் தெரிந்தவனுக்குக் குதிரை பார்க்கத் தெரியாதா என்பது உன் அப்பாவின் கணக்கு. பண்ணையில் அவரவர் புத்தி அவரவர் கையில் தெரிந்தது. அப்பா ஒரு வெள்ளைக் குதிரையைக் காட்டி, மாப்பிள்ளை அழைப்புக்கு ஆகும் என்றார். மாமா மூக்கு விடைத்துத் தரையைக் கொத்திக்கொண்டிருந்த ஒரு செம்மட்டைக் குதிரையைப் பிடித்துக்கொண்டு, "இதுல்ல ரோசமுள்ளது" என்றான். நீ இரண்டையும் பார்த்துவிட்டு, மூலையில் கீழுதடு தொங்க நின்றுகொண்டிருந்த பழுப்புக் குதிரையிடம் போனாய். எனக்கு அழுகையே வந்தது. இத்தனை தூரம் வந்து இந்தத் தூங்குமூஞ்சியையா என்று நினைத்தேன்.

அதன் பிறகு நீ செய்ததை நான் காருக்குள் சாய்ந்துகொண்டு பார்த்தேன். முதலில் எதுவுமே செய்யாமல் சும்மா நின்றாய். அது காதை உன் பக்கம் திருப்பி, மெல்ல வந்து உன் கையை முகர்ந்தது. பிறகு நாலு காலையும் மேலிருந்து கீழாக வருடிப் பார்த்தாய், சூடும் வீக்கமும் உண்டா என்று. குளம்பைத் தூக்கிப் பார்த்தாய். நடத்தச் சொல்லி, பின்னங்கால் முன்னங்காலின் தடத்தைத் தாண்டி விழுகிறதா என்று மண்ணைக் குனிந்து பார்த்தாய். "இது ஏன் ஓடல?" என்று பண்ணைக்காரரைக் கேட்டாய். சுற்றி வளைக்காமல் கேட்டாய். வருஷக் கடைசியில் பிறந்தது, மெதுவாகத்தான் வளர்ந்தது, அதே வருஷத்தில் பிறந்த மற்றதெல்லாம் பந்தயத்துக்குப் போகும்போது இது மெலிந்து கிடந்தது, அப்புறம் யாரும் கேட்கவில்லை என்றார் அவர். கடைசியாக வழியில் ஒரு மரக்கட்டையைப் போட்டு, கயிற்றை நீளமாக விட்டு, அதன் போக்கில் வரவிட்டாய். அது நின்றது, குனிந்து கட்டையைப் பார்த்தது, யோசித்தது. பிறகு முழங்கால்களை நெஞ்சோடு மடக்கித் தாண்டி வந்து மறுபடி உன் பக்கத்தில் உதட்டைத் தொங்கப்போட்டுக்கொண்டு நின்றது. அத்தனை பேரில் எதைப் பார்க்க வேண்டும் என்று தெரிந்து பார்த்தவள் நீ ஒருத்திதான். காருக்குள் உட்கார்ந்திருந்த எனக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது.

அந்த நேரத்தில்தான் உன் மாமா குதிரையின் வலது பக்கம் போய்க் கழுத்தடியில் கை வைத்தான். கை அங்கேயே நின்றுவிட்டது. "மச்சான், இங்கிட்டு வாங்க. இது வேணாம். வெரசாக் கெளம்புங்க" என்றான். என்னவென்று கேட்டதற்கு, "பெண்டிழந்தான் சுழி" என்றான். மாட்டின் உடம்பில் மயிர் சுழித்திருக்கிற இடத்தை வைத்துப் பலன் சொல்வது நம் பக்கத்து வழக்கம் என்பது உனக்குத் தெரிந்ததுதான். அந்தச் சுழி இருக்கிற உருப்படியை வாங்குகிறவன் பெண்டாட்டியை இழப்பான் என்பார்கள். உன் அப்பாவின் முகத்தில் ரத்தம் வற்றிவிட்டது. "இந்தச் சோலியே வேணாம் மாப்ளே. எனக்கு எம் பொண்டாட்டி வேணும்" என்றார், பண்ணை ஆட்கள் அத்தனை பேர் முன்னாலும். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அவர் என்னைப் பற்றி வாய்விட்டு அப்படிச் சொன்னது அதுதான் முதல்தடவை. எனக்கு வெட்கமாகவும் இருந்தது, நன்றாகவும் இருந்தது.

நீ ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசவில்லை. சுழியாவது ஒன்றாவது என்று படித்த பெண்ணாய் வாதாடுவாய் என்று எதிர்பார்த்தேன். நீ என் பக்கம் ஒருதரம் திரும்பிப் பார்த்தாய், குதிரையின் கழுத்தில் நெற்றியை வைத்து எடுத்தாய், கயிற்றைப் பண்ணைக்காரரிடம் கொடுத்துவிட்டாய். "வேணாம்ப்பா. வேற எங்கயாச்சும் பாப்போம்" என்றாய். எனக்காக நீ அதை விட்டுக்கொடுத்தாய் என்று புரிந்ததும் எனக்கு வந்த கோபம் சொல்லி முடியாது. யார் மேல் கோபம் என்று தெரியவில்லை, சுழி மேல்தான் என்று வைத்துக்கொள். காரை விட்டு இறங்கினேன்.

"ஏன்டா, வாங்குற ஆளோட பொண்டாட்டிக்குத்தானே ஆகாது?" என்று என் தம்பியைக் கேட்டேன். "ஆமாக்கா." "வாங்குறது பொம்பளையா இருந்தா?" "பொம்பளைக்கு ஏதுக்கா பொண்டாட்டி?" என்றான். "அதத்தான்டா நானும் கேக்குறேன். சந்திரா பேர்ல எழுதச் சொல்லு." முதலில் சிரித்தவர் பண்ணைக்காரர். உன் அப்பா சிரிக்கவில்லை, நின்று யோசித்தார். நம் குடும்பத்தில் பெண்பிள்ளை பெயரில் எதுவும் இருந்ததில்லை. நான் கறக்கிற பசுகூட அவர் பெயரில்தான். ஆனால் பெண்டாட்டியும் பிழைக்க வேண்டும், மகள் முகமும் வாடக் கூடாது, இரண்டுக்கும் வேறு வழி இல்லை. "சரி, எழுதுங்க" என்றார். அங்கேயே நீ கையெழுத்துப் போட்டாய்.

யுத்தத்துக்காகப் பெயர்த்தெடுத்த தண்டவாளத்தை மறுபடி போட்டு ரயில் ஓட ஆரம்பித்திருந்த சமயம் அது. சாரல் மதுரை வழியாக ரயிலேறிப் போடிக்கு வந்து இறங்கியபோது லேசாகத் தூறிக்கொண்டிருந்தது, நீயும் அந்தப் பெயரையே வைத்தாய். கடைவீதி வழியாக நடந்து வந்தபோது ஏலக்காய் மூட்டைக்காரர்கள் எல்லாம் குதிரையைப் பார்த்ததைவிட அதன் கழுத்தைத்தான் பார்த்தார்கள். என் தம்பி வாய் சும்மா இருக்குமா? அன்றிலிருந்து நான் தும்மினால்கூடத் தெருவே வாசலில் வந்து நின்றது. "நல்லாத்தான இருக்கீக?" என்று விசாரிப்பார்கள், கொஞ்சம் ஏமாற்றத்தோடு. அந்த ஐப்பசி மழையில் எனக்கு நிஜமாகவே விஷக்காய்ச்சல் வந்தபோது வீடே கலங்கிவிட்டது. அப்பா குதிரையை விற்க ஆள் தேடினார். நீ சேணத்தைத் தொடுவதை நிறுத்திவிட்டு என் காலடியில் உட்கார்ந்துவிட்டாய். எனக்கு நாக்குப் புரளவில்லை, ஆனாலும் கேட்டேன், "குதிரை யார் பேர்ல இருக்கு? சந்திராவுக்குப் பொண்டாட்டி இருக்காளா? பிறகு நான் எப்படிச் சாவேன்?" என்று. அழுதுகொண்டிருந்த நீ சிரித்துவிட்டாய். இப்போது சொல்கிறேன், உள்ளுக்குள் எனக்கும் பயமாகத்தான் இருந்தது. ஆனால் நான் செத்துப்போய், அந்தப் பழி ஒரு வாயில்லா ஜீவன் மேலும் உன் மேலும் விழுந்துவிடக் கூடாதே என்கிற வீம்பு பயத்தைவிடப் பெரியதாக இருந்தது. கஞ்சி குடித்தேன், எழுந்து உட்கார்ந்தேன், உன்னைக் குதிரையிடம் விரட்டினேன்.

பிறகு நீ பட்ட பாடு. தாண்டத் தெரிந்த குதிரை என்று நாங்கள் நினைத்தோம். நீயோ மாதக்கணக்கில் அதை நடக்க மட்டுமே விட்டாய். சரிவில் ஏறி இறங்கவிட்டாய். உலர்களத்துச் சாக்கு காற்றில் படபடத்தால் அது மிரளும், அந்தச் சாக்குப் பக்கத்திலேயே நின்று அதற்குப் பேச்சுக் கொடுப்பாய். அவசரப்படாமல் நீ அப்படி இருந்ததைப் பார்க்கப் பார்க்க எனக்கு ஆச்சரியம். சமையலில் உலை கொதிக்கும்வரைகூடப் பொறுக்காதவள் நீ.

ஊட்டிக்கு நாம் போனது மழை விட்டும் விடாமலும் இருந்த நாள். புல் வழுக்கியது. உனக்கு முன்னால் போன குதிரை வெள்ளைக் கதவு மாதிரி வைத்திருந்த தடையில் இரண்டு தடவை நின்றுவிட்டது. நான் கண்ணை மூடிக்கொண்டேன். உன் அப்பா குடையால் என்னை இடித்து, "கண்ணைத் தெற, பணங்குடுத்துக் காரு வச்சு வந்துருக்கோம்" என்றார். திறந்தேன். சாரல் காதை நிமிர்த்தி அந்தக் கதவைப் பார்த்தது, பண்ணையில் மரக்கட்டையைப் பார்த்தது போலவே யோசித்தது. நீ அதை அவசரப்படுத்தவில்லை. அது தாண்டியபோது சத்தமே கேட்கவில்லை. உயரம் தாண்டுகிற போட்டியில் ஒரு கட்டையைத் தட்டிவிட்டீர்கள், பரவாயில்லை. அழகும் நிதானமும் பார்க்கிற போட்டியில் இரண்டாவதாக வந்தீர்கள். இங்கிலீஷில் குதிரையின் பெயரைச் சொன்னார்கள், பிறகு உன் பெயரைச் சொன்னார்கள், மறுபடியும் உன் பெயரைச் சொன்னார்கள். "ஏன் ரெண்டு தடவ சொல்றான்?" என்றார் அப்பா. "ஓட்டுனவளும் அவதான், சொந்தக்காரியும் அவதான்" என்றேன். அவர் துண்டை இழுத்துத் தோளில் சரியாகப் போட்டுக்கொண்டு, பக்கத்தில் நின்ற முன்பின் தெரியாத மனிதரிடம் "எம் மக" என்றார். அந்த மனிதருக்குத் தமிழ் தெரியாது. உன் அப்பா மறுபடியும் சொன்னார்.

உனக்கு மாப்பிள்ளை பார்க்கும்போது நான் உன்னைத்தான் காப்பியடித்தேன். ரோசக்காரனாக ஒரு வரன் வந்தது, வெள்ளையும் சள்ளையுமாக ஒரு வரன் வந்தது. இரண்டையும் தள்ளினேன். உன் வீட்டுக்காரர் பெண் பார்க்க வந்த அன்று, சும்மா இருக்கும்போது எப்படி இருக்கிறார் என்று பார்க்க, காப்பியைத் தாமதமாகவே கொடுத்தேன். காலை ஆட்டவில்லை, கடிகாரம் பார்க்கவில்லை. கொல்லைப்புறம் போய்ச் சாரலிடம் கையை நீட்டிக்கொண்டு நின்றார், அது முகர்ந்தது. நானும் சுற்றி வளைக்காமல், "ஏன் தம்பி இத்தன நாளாக் கல்யாணம் ஆகல?" என்று கேட்டேன். "ஜாதகத்துல ஏதோ குத்தமாம் அத்தே. பொண்ணு குடுக்கப் பயப்படுறாங்க" என்றார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவர் பயந்துபோனார். நான் அப்போதே உன்னைக் கொடுத்துவிட்டேன்.

இனி நிச்சயதார்த்தத்துக்கு வருகிறேன். தட்டு மாற்றப் போகிற நேரம். உன் மாமனார் வெற்றிலையை மடித்துக்கொண்டே, "சம்பந்தி, குதிரையும் பொண்ணோட வருதில்ல? அத அப்படியே மாப்ள பேருக்கு மாத்தி விட்ருங்க. பொம்பளப்புள்ள பேர்ல குதிரை என்னத்துக்கு?" என்றார். கெட்ட எண்ணம் ஒன்றுமில்லை, எல்லா வீட்டிலும் கேட்பது போலக் கேட்டார். உன் அப்பாவுக்குப் பெண்ணைப் பெற்றவரின் கழுத்து அன்றைக்கு. எதற்கும் சரியென்று ஆடத் தயாராக இருந்தது. தலை பாதி குனிந்தும் விட்டது. நான் வாசற்படியில் நின்றபடி சொன்னேன், "தாராளமா மாத்திரலாம் அண்ணே. ஒண்ணு மட்டும் சொல்லிப்புடுறேன், பின்னால கொற சொல்லக் கூடாது. அதுக்குக் கழுத்துல பெண்டிழந்தான் சுழி இருக்கு. மாப்ள பேருக்கு மாத்துனா, மாப்ளையோட பொண்டாட்டிக்குத்தான் ஆகாது" என்று.

உன் மாமியார்தான் முதலில் பேசினார். "ஐயய்யோ, வேணாம் மதினி! வாழ வர்ற புள்ள. அது பேர்லயே இருந்துட்டுப் போகட்டும்." உன் மாமனார் தலையை ஆட்டினார். அதோடு முடிந்தது என்று நினைத்தேன். அப்போது உன் வீட்டுக்காரர், பெரியவர்கள் பேசும்போது வாயே திறக்காதவர், நிமிர்ந்து தன் அப்பாவைப் பார்த்து, "சுழி இல்லேன்னாலும் அது அவ குதிரதானேப்பா" என்றார். அவ்வளவுதான் சொன்னார். நான் அடுப்படிக்குப் போய் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு வந்தேன். நல்ல குதிரையைக் கண்டுபிடித்தது நீ, நல்ல மாப்பிள்ளையைக் கண்டுபிடித்தது நான். கணக்குச் சரியாகிவிட்டது.

எல்லாரும் போன பிறகு உன் மாமா சாப்பிட்டுக் கைகழுவிவிட்டு என்னைத் தனியாகக் கூப்பிட்டான். சாரலை அன்று காலையில் நிதானமாகத் தடவிப் பார்த்தானாம். "அக்கா, யார்ட்டயும் சொல்லாத. மாட்டுக்குப் பாக்குற கணக்க வச்சுக் குதிரைக்குப் பாத்துப்புட்டேன். குதிரை தெரிஞ்ச ஒருத்தர்ட்ட வெசாரிச்சேன். குதிரைக்கு அந்த எடத்துல சுழி இருந்தா ஒண்ணுமே இல்லையாம். சும்மா மயிருதானாம்" என்றான். ஊருக்குச் சொல்லிவிடலாமா என்று வேறு கேட்டான். அவன் கையைப் பிடித்து, "மூச்சுக் காட்டுன, அப்புறம் அக்கா வீட்டுப் படி ஏறாத" என்றேன். அவன் மிரண்டுபோய்த் தலையாட்டினான்.

அதனால் சந்திரா, இது உனக்கும் எனக்கும் மட்டும். உன் வீட்டுக்காரரிடமிருந்து குதிரையைக் காக்கச் சுழி வேண்டியதில்லை, அது எனக்குத் தெரியும். ஆனால் வீட்டில் அவர் ஒருவர் மட்டும் இல்லை, நாளைக்குக் கொழுந்தன் வருவான், பங்காளி வருவான், உன் பிள்ளைகளே வளர்ந்து வந்து கேட்பார்கள். சாரலைக் குளிப்பாட்டித் துடைக்கும்போது அந்தச் சுழியை நன்றாகச் சீவி, எல்லார் கண்ணிலும் படும்படி விடு. உனக்கு நான் போட்டு அனுப்பிய நகைகளை யாராவது ஒருநாள் கழற்றித் தரச் சொல்லலாம். இதை மட்டும் யாரும் கேட்க மாட்டார்கள்.

உன் அம்மா